கிளச் கேபிளும் ராக்கம்மா அக்காவின் பாதமும்

லிந்துலையைத் தாண்டி நானுஓயாவுக்கு ஏறும் வளைவு ஒன்றில் கார் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்று எழுதுவதும் சரியில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மிதிக்க மிதிக்க அலறியது. கார் மட்டும் ஏறவில்லை.

வெளியே பனி. கண்ணாடித் துடைப்பான் போய்வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் பாதை தெரிந்தது. காருக்குள் கயிறு கருகிய மாதிரி ஒரு வாடை. எத்தனையோ சத்தத்துக்கு நடுவிலும், இரண்டு மாதமாக என் உயிரை எடுத்துக்கொண்டிருந்த அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. தகரத் தட்டில் குருமணலைப் போட்டு ஆட்டுகிற சத்தம்.

பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. குரல் என்றால், பக்கத்து மலையில் நிற்பவரைக் கூப்பிடுகிற குரல்.

"தம்பி! வண்டி நடுங்குது! ஏறுனதுலேர்ந்து நடுங்குது!"

"தெரியும்க்கா" என்றேன், திரும்பாமல்.

"தம்பி, அவளுக்குக் காது கேக்காதுங்க" என்றார் பக்கத்தில் இருந்த அவருடைய தமையன் முத்தையா அண்ணன். "என்ன சொன்னாலும் மூஞ்சியத் திருப்பிச் சொல்லுங்க. வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவா."

திரும்பினேன். அப்போதுதான் ராக்கம்மா அக்காவை நேராகப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். தலையோடு கம்பளியைப் போர்த்தியிருந்தார். கண் மட்டும் என் உதட்டில் குத்தி நின்றது. வெறும் பாதம் இரண்டையும் காரின் அடித்தகட்டில் பதித்து, ஆற்றில் இறங்கி நிற்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அவர் பத்து மணிக்கு நுவரெலியாவில் ஓர் அதிகாரியின் முன்னால் போய் நிற்க வேண்டும். போகாவிட்டால் அவருடைய பிரஜாவுரிமை மனு அன்றோடு முடிந்தது.

முதலாளியின் ஆமை

நான் அந்தக் காரை ஓட்டத் தொடங்கிய கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இருபத்து நாலு வயது. ஹட்டன் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த காசிம் முதலாளி, கடையோடு சேர்த்து, வாடகைக்கு ஒரு ஹயர் காரும் ஓடவிட ஆசைப்பட்டார். எல்லாரும் நீள மூக்குக் கார் வாங்கினால் இவர் மட்டும் ஆமை முதுகுக் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதற்கு எஞ்சின் பின்னால் இருந்தது.

ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்மார் முன் மூடியைத் திறந்து பார்த்தார்கள். அங்கே ஒரு சக்கரமும் கொஞ்சம் இடமும்தான் இருந்தன. "முதலாளி, எஞ்சின் வைக்க மறந்துட்டானுங்க!" என்று ஒருவர் கத்தினார். முதலாளிக்கு அந்தப் பகிடியில் ஏக சந்தோஷம். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் முன் மூடியைத் திறந்து காட்டி, முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகுதான் பின்பக்கம் கூட்டிப்போவார்.

மஸ்கெலியா, தலவாக்கலை, அக்கரப்பத்தனை, ஒருமுறை இறம்பொடைக் கோயில்வரை அந்தக் காரில் ஆட்களை ஏற்றிப் போயிருக்கிறேன். கல்யாணம், பிரசவம், பேய் ஓட்டுவது, பொண்ணு பார்ப்பது, எல்லாவற்றுக்கும் ஆமைதான். மழை எவ்வளவு பெய்தாலும் சளைக்காமல் ஏறும்.

அந்தக் காரின் கிளச்சைப் பற்றி இரண்டு வரி. கிளச் என்பது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் பிடி. இடது காலால் மிதித்தால் பிடி விடும். காலை எடுத்தால் பிடிக்கும். மிதிக்கும்போது உள்ளே ஒரு பெயாரிங் நகர்ந்துபோய் அந்தப் பிடியைத் தள்ளும். எஞ்சின் பின்னால் இருப்பதால், மிதியிலிருந்து அதுவரைக்கும் காரின் வயிற்றுக்குள்ளேயே நீளமாக ஒரு கேபிள் ஓடும். கேபிளின் முனையில் ஒரு நட்டு. அதைத் திருகினால் இறுகும், தளர்த்தினால் தளரும். இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு இது எனக்கு முழுசாகத் தெரியாது.

அந்தச் சத்தம்

எனக்கு ஒரு குணம். எதிலும் தொளதொளப்பு ஆகாது. செருப்பு வார், பெல்ட், கதவுப் பூட்டு, எல்லாம் இறுக்கமாக இருக்க வேண்டும். கிளச் மிதியில் காலை வைத்தால் முதலில் கொஞ்ச தூரம் சும்மா போய், பிறகுதான் கனம் தெரியும். அந்தச் சும்மா போகும் தூரம் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காருக்கு அடியில் படுத்து, நட்டை இறுக்கினேன். மிதி கல் மாதிரி ஆயிற்று. கால் பட்டவுடனே கனம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சத்தம் உடனே வரவில்லை. வந்திருந்தால் இரண்டையும் முடிச்சுப் போட்டிருப்பேன். மூன்று நாலு வாரம் கழித்து, கிளச் தேயத் தேய, மெல்லத் தொடங்கியது. முதலில் ஒரு கீச்சு. பிறகு குருமணல்.

முதலாளிக்குக் கூட அது கேட்டது. கடை வாசலில் நின்றபடி, "என்ன தம்பி, அந்தச் சத்தம் இன்னும் ஈக்குதா?" என்று தினம் கேட்பார்.

ஹட்டனில் ஒரு கராஜ் பாஸிடம், அதாவது மெக்கானிக்கிடம், காட்டினேன். அவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டார். "கியர்பொக்ஸ் பெயாரிங் போயிட்டு. இறக்கணும். சாமான் கொழும்புல இருந்து வரணும். மூணு வாரமாவது ஆகும்" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். காதால் கேட்ட எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அக்கரப்பத்தனை ஹயர் ஒன்று சொல்லி வைத்திருக்கிறார்கள், அதை முடித்துவிட்டு இறக்குவோம் என்று முதலாளியும் நானும் பேசிக்கொண்டோம். அந்த ஹயர்தான் ராக்கம்மா அக்கா.

இரண்டாவது கடிதம்

இளைய வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நாடு சுதந்திரம் அடைந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வம்சம் என்று சொல்லி, தேயிலைத் தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்துவிட்டார்கள். பிறகு, மனுப் போடுங்கள், விசாரித்துத் தருகிறோம் என்று ஒரு சட்டம் வந்தது. சிலர் போட்டார்கள். சிலர் ரோசத்தில் போடவில்லை. என் அப்பா ரோசக்காரர். "பொறந்த ஊருல இருக்கிறதுக்கு ஒருத்தன்கிட்ட மனு எழுதணுமா? போங்கடா" என்று சொல்லிவிட்டார். நானும் போடவில்லை. மனுப் போடுவதற்கான கெடுத் திகதியும் முடிந்தது.

ராக்கம்மா அக்கா போட்டிருந்தார். புருசன் இறந்துவிட்டதால் தன் பேரிலேயே போட்டிருந்தார். முதல் தடவை விசாரணைக்குக் கூப்பிட்ட நாளில் மண் சரிந்து பஸ் வரவில்லை. இரண்டாவது கடிதத்தில், இம்முறையும் வராவிட்டால் மனு தள்ளுபடி என்று எழுதியிருந்தது. அதனால்தான், பஸ்ஸை நம்பாமல் கார் பிடித்தார் முத்தையா அண்ணன்.

ஆறு மணிக்கெல்லாம் அவர்களுடைய லயத்தடியில், அந்த வரிசை வீடுகளின் முன்னால், கார் நின்றது. பக்கத்து அறைகளில் இருந்தவர்கள், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் நின்று பார்த்தார்கள். அக்கா எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஏறினார்.

இதோ, இப்போது நடுவழியில் நிற்கிறோம்.

நான் இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தேன். கொஞ்ச நேரம் ஆறவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தேன். பத்தடி போயிற்று. மறுபடி அலறல், கருகல் வாடை, நின்றுவிட்டது.

"அண்ணே, இது ஏறாதுண்ணே" என்றேன். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. "பஸ் வந்தா கைய காட்டுவோம்."

"அடுத்த பஸ் வரப் பத்தாகும் தம்பி" என்றார் அவர். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஸ்டோரில் நடந்தது

அக்கா காரிலிருந்து இறங்கவில்லை. குனிந்து அடித்தகட்டில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முத்தையா அண்ணனைப் பார்த்தேன்.

"அவ அப்பிடித்தான்" என்றார் அவர்.

பிறகு, பஸ் வருகிறதா என்று பாதையைப் பார்த்துக்கொண்டே ஒரு கதை சொன்னார். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அக்காவுக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து காது போயிற்று. பேச்சு போகவில்லை. தான் பேசுவது தனக்கே கேட்காததால் கத்திப் பேசுவார். கொழுந்து எடுக்கப் போன இடத்தில் கங்காணி கூப்பிட்டது கேட்காமல் தினம் ஏச்சு வாங்கியிருக்கிறார். கடைசியில் ஸ்டோரில் சல்லடை மெஷினடியில் போட்டார்கள்.

ஒரு நாள் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அக்கா எழுந்து ஓடி, எஞ்சின் ரூம்காரரின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். "நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க! மேல சுத்துறது அழுவுது!" என்று கத்தியிருக்கிறார். பைத்தியம் என்று நினைத்துத் தள்ளிவிட்டார்கள். விடவில்லை. எஞ்சினை நிறுத்தி, ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், கூரைக்குக் கீழே ஓடும் நீள இரும்புத் தண்டின் பெயாரிங் ஒன்று எண்ணெய் இல்லாமல் கை வைக்க முடியாத சூட்டில் இருந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் தூசியில் நெருப்புப் பிடித்திருக்கும்.

"அதுக்கப்புறம் ஸ்டோரப் பாக்குற டீமேக்கரையாவே காலையில வந்து, ராக்கம்மா, இன்னைக்கு எப்பிடின்னு கேப்பாரு" என்றார் அண்ணன். "எல்லாம் அவளுக்குக் கால் வழியாத்தான் வருது. எப்பிடின்னு எனக்குந் தெரியாது."

நான் நம்பினேன் என்று சொன்னால் பொய். கதை நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

"மிதி! எடு!"

"தம்பி!" உள்ளேயிருந்து குரல். "ஸ்டாட் பண்ணு. போகாத. சும்மா நில்லு."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. கியரில் போடாமல் எஞ்சினை ஓடவிட்டேன். குருமணல் சத்தம் தொடங்கியது.

அக்கா முன் சீட்டுக்கு நடுவில் தலையை நீட்டி, என் இடது காலையே பார்த்தார். அவருடைய வலது உள்ளங்கை, அடித்தகட்டின் நடுவில் மேடாக இருக்குமே, அந்த மேட்டில் இருந்தது. இரண்டு பாதமும் தரையில்.

"மிதி."

கிளச்சை மிதித்தேன்.

"எடு."

எடுத்தேன்.

"மிதி. பிடிச்சுக்க. ம்... எடு."

இப்படி ஏழெட்டுத் தடவை. எனக்குக் கேட்டது ஒரே இரைச்சல்தான். பின்னால் எஞ்சின், கூரையில் மழைத்துளி, இதற்கு நடுவில் அந்தச் சத்தம். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடவில்லை. என் கால் அசையும்போதெல்லாம் அவருடைய புருவம் அசைந்தது.

பிறகு நிமிர்ந்தார்.

"நீ கால எடுத்துர்ற" என்றார். "அது எடுக்கல."

"என்னக்கா?"

"உள்ள இருக்கிறது. நீ மிதிக்கிறப்ப அது போயி ஒண்ணுல முட்டுது. சரி. நீ கால எடுத்தா அதுவும் விட்டுட்டு வரணுமா இல்லயா? அது வரல. முட்டிக்கிட்டே நிக்குது. நீ மிதிச்சா நடுக்கம் கனமா இருக்கு, எடுத்தா லேசா இருக்கு. ஆனா நிக்கவே இல்ல." கையை உரசிக் காட்டினார். "எங்க சல்லடையிலயும் இப்பிடித்தான். கம்பிய இழுத்து பெல்ட்டத் தள்ளுவாங்க. கம்பி முழுசா திரும்பலேன்னா அது நுனியில இருக்கிற கவை பெல்ட்டுல ஒரசிக்கிட்டே கெடக்கும். பெல்ட்டும் வழுக்கும். மெஷினும் இழுக்காது."

அவர் சொன்னதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

மெஷினும் இழுக்காது. எஞ்சின் அலறுகிறது, கார் ஏறவில்லை. கால் எடுத்த பிறகும் பெயாரிங் முட்டிக்கொண்டே இருந்தால் பிடி முழுசாகப் பிடிக்காது. வழுக்கும். கருகும். இரண்டும் ஒரே வியாதி.

எஞ்சினை நிறுத்தினேன். குனிந்து, காலால் அல்லாமல், ஒரு விரலால் கிளச் மிதியைத் தள்ளிப் பார்த்தேன். மேலேயிருந்தே கனம். ஒரு நூல் கூடச் சும்மா போகவில்லை.

இறுக்கியது நான்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை என் பெருமையெல்லாம் அந்த நட்டில்தான் இருந்தது.

இந்தக் காரை ஹட்டன் முழுக்கக் காதால் கேட்டிருக்கிறது. முதலாளி கேட்டார். கராஜ் பாஸ் கண்ணை மூடிக் கேட்டார். இரண்டு மாதம் இரவும் பகலும் நான் கேட்டேன். காதே கேட்காத ஒருத்தர், பாதத்தை வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று படம் போட்டுக் காட்டிவிட்டார்.

ஒரு விரல் அகலம்

ஜாக்கி வைத்து இடது பின் சக்கரத்தைக் கழற்றினேன். முத்தையா அண்ணன் தன் கம்பளியைத் தரையில் விரித்தார். வேண்டாம் என்றேன். "படுங்க தம்பி, நேரமாகுது" என்றார்.

மலைச்சரிவிலிருந்து வழிந்த தண்ணீர் கம்பளிக்கு அடியால் ஓடி முதுகை நனைத்தது. சூடான குழாயில் முழங்கை பட்டுத் தோல் வழன்றது. கேபிளின் முனையைக் குறட்டால் பிடித்துக்கொண்டு, பூட்டு நட்டை விட்டு, இறுக்கிய நட்டைத் தளர்த்தினேன். விரல் மரத்துப்போய் நட்டு வழுக்கியது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. எவ்வளவு தளர்த்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

"அண்ணே, மிதியக் கையால தள்ளச் சொல்லுங்க. எவ்வளவு தூரம் சும்மா போகுதுன்னு பாக்கச் சொல்லுங்க."

அக்கா முன் சீட்டுக்குப் போய் மிதியைத் தள்ளினார். "கொஞ்சம் போகுது!" என்று அவர் சொன்னது நானுஓயா ஸ்டேசனுக்கே கேட்டிருக்கும். இன்னும் இரண்டு சுற்று. "இப்ப ஒரு வெரல் போகுது!"

ஒரு விரல் அகலம். போதும் என்று என் மனம் சொன்னது. பூட்டு நட்டை இறுக்கினேன். சக்கரத்தை மாட்டினேன்.

அக்கா மறுபடி பின்னால் போய், பாதத்தைப் பதித்து உட்கார்ந்தார். நான் எஞ்சினை ஓடவிட்டேன். கிளச்சை மிதித்தேன். காலை எடுத்தேன்.

"நின்னுருச்சு" என்றார் அக்கா.

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. குருமணல் இல்லை. இரண்டு மாதம் அதையே கேட்டுப் பழகிய காதுக்கு, அது இல்லாததைக் கேட்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. எஞ்சின் மட்டும் சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் அப்பால், பனிக்குள் எங்கேயோ பெண்கள் பேசிக்கொண்டு மலைக்குப் போகும் சத்தம் கூடக் கேட்டது.

முதல் கியரில் போட்டு, கல்லை எடுக்கச் சொல்லி, பயந்து பயந்து காலை எடுத்தேன். ஆமை அலறாமல், வழுக்காமல், அந்த வளைவை ஏறியது. அண்ணன் ஓடிவந்து ஏறிக்கொண்டார். பத்து மணிக்கு முன்னாலேயே நுவரெலியா போய்ச் சேர்ந்தோம். வழியில் கண்ணாடியில் பார்த்தேன். அக்கா பாதத்தைத் தூக்கிச் சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டு, ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குமேல் கவனிக்க அவருக்கு ஒன்றும் இல்லை.

வேறு மாதிரி ஓடிய வாய்

விசாரணை நடந்த கட்டடத்தில் நீளமான தாழ்வாரம். பெஞ்சு முழுக்கப் பல தோட்டத்து ஆட்கள். ஒவ்வொருவர் மடியிலும் துணியில் சுற்றிய காகிதக் கட்டு. நான் கையில் கிரீசோடு ஒரு தூணோரம் நின்றேன். காரில் போய் இருந்திருக்கலாம். மனம் வரவில்லை.

அக்காவின் பேரைக் கூப்பிட்டார்கள். அண்ணன் தொட்டுக் காட்ட, அவர் எழுந்து உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. மேசைக்கு அந்தப்பக்கம் அதிகாரி. அவர் இங்கிலீசில் கேட்பார். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர் என்று முகத்திலேயே தெரிந்தது.

"நீங்கள் எந்தத் தோட்டத்திலை பிறந்தனீங்கள்? இடையிலை இந்தியாவுக்குப் போய் வந்தனீங்களோ?"

அக்கா அவருடைய உதட்டையே பார்த்தார். பதில் வரவில்லை. அவர் இன்னொரு தடவை, இன்னும் மெதுவாக, அதே மாதிரி சொன்னார்.

"ஐயா கோவிச்சுக்கப்படாது!" அக்காவின் குரல் தாழ்வாரம் முழுக்க அதிர்ந்தது. "ஐயா வாயி வேற மாதிரி ஓடுது! எனக்குப் புடிபட மாட்டேங்குது!"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏற்றத்தில் கார் நின்றபோது வராத பயம் அப்போதுதான் வந்தது. இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்து, வாய் புரியாமல் போய்விடுமோ?

மொழிபெயர்ப்பாளர் வெளியே வந்து முத்தையா அண்ணனிடம் விசாரித்தார். காது விஷயம் தெரிந்ததும், "நீர் அவவின்ரை தமையன். நீர் சொல்லிக் குடுக்கிறீர் எண்டு வரும். வேறை ஆரும் வந்திருக்கினமோ?" என்றார்.

அண்ணன் என்னைக் காட்டினார்.

"நீர் ஆர்?"

"டைவருங்க."

"சொந்தமோ?"

"இல்லீங்க. இன்னைக்கிக் காலையிலதான் பாத்தேன்."

"வாரும். நான் சொல்லுறதை உங்கடை பேச்சிலை அவவுக்குச் சொல்லும். ஒரு சொல்லும் கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது."

அதிகாரியின் முன்னால் நான் போய் நின்றேன். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய தோள் தளர்ந்தது.

"நீங்க எந்தத் தோட்டத்துல பொறந்தீங்க? நடுவுல இந்தியாவுக்குப் போயி வந்தீங்களா?"

"இங்கதான்! எங்க தோட்டத்துல, ஆறாம் நம்பர் லயத்துல! இந்தியாவுக்கா? லிந்துலையத் தாண்டுனதே இன்னைக்கித்தான்!"

வேலை, புருசன், எத்தனை வருசம் என்று கேள்விகள் வந்தன. நான் சொல்ல, அவர் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் இங்கிலீசில் சொல்ல, அதிகாரி எழுதிக்கொண்டே போனார். கடைசியாக ஒரு கேள்வி.

"நீங்க இந்த நாட்டுலயே நெரந்தரமா இருக்கப் போறீங்களா? ஏன்?"

ஆமாங்க என்று மட்டும் சொல்லச் சொல்லித்தான் எல்லாரையும் தயார்படுத்தி அனுப்புவார்கள். ஏன் என்பது அன்றைக்கு அந்த அதிகாரி தானாகச் சேர்த்தது.

அக்கா யோசித்தார். பிறகு, தன் கணக்கில் மெதுவாக என்று நினைத்துக்கொண்டு, சத்தமாகச் சொன்னார்.

"எனக்கு எங்க ஆளுங்க வாயத்தான் தெரியும். சின்னதுலேர்ந்து பாத்துப் பாத்து அதத்தான் படிச்சு வச்சிருக்கேன். இந்தா, இந்த ஐயா நல்லவருதான், அவரு பேசுறதே எனக்கு வெளங்கல. வேற ஊருக்குப் போனா அங்க அத்தன பேரும் எனக்குச் சும்மா வாய அசைக்கிறவங்கதான். நான் எங்க போறது?"

மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இங்கிலீசில் நீளமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். பிறகு எடுத்து எழுதினார். அது ஒரு வரியா இரண்டு வரியா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

அந்தக் கேள்வி என் வாயால் போயிருந்தது. என்னை யாராவது அப்படிக் கேட்டால் இப்படி ஒரு பதில் என்னிடம் இருந்திருக்குமா என்று நினைத்தேன். என்னை யாரும் கேட்கப் போவதில்லை என்பதும் அந்த இடத்தில்தான் முதல் தடவையாக உறைத்தது.

கடிதம் வந்த பிறகு

ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. ஹட்டன் ஸ்டாண்டில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கியர்பொக்ஸை இறக்க வேண்டி வரவேயில்லை. முதலாளி, காது கேட்காத ஒரு பொம்பளை பார்த்துச் சொன்னது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப் பேர் நம்பவில்லை.

"தம்பீ!"

ஸ்டாண்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா தனியாக வந்திருந்தார். பஸ் பிடித்து, லிந்துலையைத் தாண்டி, தலவாக்கலையைத் தாண்டி, தனியாக.

"கெடச்சிருச்சு!" மடியிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்துக் காட்டினார். இங்கிலீசில் இருந்தது. முத்திரை இருந்தது. எனக்கு அவருடைய பேர் மட்டும் புரிந்தது.

"அண்ணனுக்கு வந்துச்சாக்கா?"

"இன்னும் வரல. வரும்ங்கிறாரு." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "ஒனக்கு?"

"நாங்க மனுவே போடலக்கா. அப்பா வேணாம்னுட்டாரு."

"இன்னொரு தடவ சொல்லு."

அவருக்குப் புரியாமல் இல்லை. சொன்னேன்.

அக்கா காகிதத்தை மடித்து உள்ளே வைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்லச் சொல்லத் தெரியாததால், அத்தனை டிரைவர்மாரும், கடை வாசலில் நின்ற முதலாளியும், மூட்டை தூக்குகிறவர்களும் கேட்கச் சொன்னார்.

"ஒன்னய யாரு வந்து என்ன கேட்டாலும் எனக்கு ஆள் விடு. நான் வந்து சொல்றேன், இவன் எங்க ஆளு, எனக்கு இவன் வாயி தெரியும்னு. எத்தன ஐயாமாரு இருந்தாலும் சொல்றேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கரப்பத்தனை பஸ் வந்தது. அக்கா ஏறிப் போனார்.

எனக்குப் பிரஜாவுரிமைக் காகிதம் கிடைக்க அதற்குப் பிறகு நெடுங்காலம் ஆயிற்று. அதுவரைக்கும் ஒருவரும் என்னைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ராக்கம்மா அக்கா வந்து நின்றிருப்பார். அதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.